ஃபாக்சியின் துறை: வர்ஜின் தீவுகளில் ஒரு படகுப் பயணம்

பிப்ரவரி 19, திங்கள் – ரோடு டவுன், டோர்டோலா

பீஃப் தீவு விமான நிலையத்தில் இறங்கியபோது எங்கள் நால்வரில் இருவருடைய பெட்டிகள் வந்து சேரவில்லை. மறுநாள் மாலைக்குள் அனுப்பிவிடுவதாக விமான நிறுவனத்தார் உறுதி சொன்னார்கள். நாங்களோ மறுநாள் காலையிலேயே படகேற வேண்டியவர்கள். ஆகவே முதல் பிற்பகல் முழுவதும் ரோடு டவுன் கடைத்தெருவில் சட்டையும் துண்டும் வெயில் களிம்பும் வாங்குவதில் கழிந்தது. கரீபியக் கடலில் உள்ள பிரித்தானிய வர்ஜின் தீவுகள் பிரித்தானியாவுக்கு உரியவைதான்; ஆனாலும் 1959 முதல் இங்கே செலாவணி அமெரிக்க டாலர்தான். ஏறக்குறைய எல்லாப் பொருளும் கப்பலில் வந்து இறங்க வேண்டியிருப்பதால் சாதாரணப் பருத்திச் சட்டை ஒன்றுக்கு 35 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று.

கடைகளில் ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். உள்ளே நுழைந்தவுடன் பொருளின் பெயரையோ விலையையோ கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. எங்களுக்கு முன்னால் நின்ற வெளிநாட்டவர் ஒருவர் எடுத்த எடுப்பில் மின்கலம் இருக்கிறதா என்று கேட்டார். கல்லாவில் இருந்த அம்மையார் அவரை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக மதிய வணக்கம் சொல்லிவிட்டு, அவர் பதில் வணக்கம் சொல்லும் வரையில் காத்திருந்து, அதன் பிறகே மின்கலம் இருக்கும் அலமாரியைக் காட்டினார். அவர் குரலில் கோபம் இல்லை. மருந்துக் கடையிலும் இதே வழக்கம்தான்: உள்ளே வருகிறவர் எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்ல, அங்கே நிற்பவர்கள் அனைவரும் திருப்பிச் சொல்கிறார்கள்.

இரவு உணவுக்கு ரொட்டி கிடைத்தது. 1845 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக டிரினிடாடுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் கைப்பக்குவம் தீவு தீவாகப் பரவி இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. அகலமான மெல்லிய ரொட்டிக்குள் உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் மசாலாவில் வேகவைத்து மடித்துக் கொடுத்தார்கள். சைவ உணவு மட்டுமே உண்ணும் என் மனைவிக்கு அது பெரிய ஆறுதல்.

பிப்ரவரி 20, செவ்வாய் – நார்மன் தீவு

என் தம்பி ஃபுளோரிடாவில் வேலை பார்ப்பவன். பாய்மரப் படகு ஓட்டப் பயின்றவன். இந்தப் பயணமே அவனுடைய ஆசையால் அமைந்தது. கரீபியக் கடலோடிகள் அனைவரும் ஃபாக்சி என்று அழைக்கிற ஃபிலிசியானோ கால்வுட் என்ற முதிய பாடகரைப் பற்றி அவன் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தான். “அண்ணா, அவர் வயதுக்கு இனி எத்தனை நாள் பாடுவாரோ, இந்த ஆண்டே போய்விடுவோம்” என்று அவன் சொன்ன பிறகு மறுக்கத் தோன்றவில்லை.

வாடகைக்கு எடுத்த இரட்டையுடல் பாய்மரப் படகை ஓட்ட டோர்டோலாக்காரர் ஒருவரைக் கேப்டனாக அமர்த்திக்கொண்டோம். நாளொன்றுக்கு 250 டாலர் சம்பளம், சாப்பாடு எங்களோடு. ஐம்பது வயதைக் கடந்த அவர் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவர். சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாயைக் குறுக்காகக் கடந்து நார்மன் தீவுக்குப் போகும் வழியில் கீழ்த்திசையிலிருந்து காற்று மணிக்கு இருபது கடல்மைல் வேகத்தில் அடித்தது. நம் கடற்கரையில் கொண்டல் என்று சொல்லும் கீழைக்காற்றுதான். இங்கே அது பருவத்துக்கு மட்டும் வந்து போவதில்லை, ஆண்டின் பெரும்பகுதி முழுவதும் வீசுகிறது. தீவுகள் அடுத்தடுத்து இருப்பதால் பேரலை உள்ளே வருவதில்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு கரை தெரிகிறது. பாய்மரப் படகுக்காரர்கள் உலகெங்கிலுமிருந்து இங்கே வருவதற்கு இந்த அமைப்பே காரணம். 1969இல் இங்கே தொடங்கிய படகு வாடகைத் தொழில்தான் இன்று சுற்றுலாவின் முதுகெலும்பு.

அப்படியிருந்தும் என் தம்பி மனைவிக்குக் குமட்டல் வந்துவிட்டது. கேப்டன் அவரைக் கீழ் அறையிலிருந்து மேலே அழைத்து வந்து, சுக்கானுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தொலைவில் இருந்த மலை ஒன்றைக் காட்டி அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, உலர்ந்த இஞ்சி பிஸ்கட் கொடுத்தார். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

மாலையில் நார்மன் தீவின் வளைகுடாவில், படகைக் கட்டுவதற்கென்று போட்டிருந்த மிதவையைப் பிடித்துக் கட்டினோம். கேப்டன் காற்றுக்கு எதிராகப் படகை மெல்ல நகர்த்த, தம்பி படகின் முன்முனையான அணியத்தில் குப்புறப் படுத்து நீண்ட கொக்கியால் மிதவையின் கயிற்றைத் தூக்கி, எங்கள் கயிற்றை அதன் வளையத்துக்குள் நுழைத்து இரண்டு பக்கமும் கட்டினான். இரவுக் கட்டணம் 40 டாலர். குளிக்கப் போனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. நன்னீர்த் தொட்டி நிரப்பப்படாமலேயே படகு எங்கள் கைக்கு வந்திருந்தது. குடிதண்ணீர்ப் புட்டிகள் இருந்ததால் சமாளித்தோம்.

பிப்ரவரி 21, புதன் – ஜோஸ்ட் வான் டைக், வெள்ளை விரிகுடா

சோப்பர்ஸ் ஹோல் துறையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, காற்று முதுகில் தள்ள, ஜோஸ்ட் வான் டைக் தீவின் தென்கரைக்கு வந்தோம். ஏறத்தாழ எட்டுச் சதுர கிலோமீட்டர் பரப்பு, முந்நூறுக்கும் குறைந்த மக்கள். 321 மீட்டர் உயரத்துக்கு எழும் பச்சை மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடையில் மெல்லிய மணற்பட்டை. இவ்வளவுதான் தீவு.

வெள்ளை விரிகுடாவில் படகுத்துறை கிடையாது. ஒரு காலத்தில் கடலோடிகள் படகிலிருந்து குதித்து நீந்திக் கரையேறி, சட்டைப்பையில் நனைந்த டாலரைக் கொடுத்துக் குடித்ததால்தான் இங்குள்ள மதுக்கடைக்கு ‘சாகி டாலர்’ என்று பெயர் வந்தது. 1970களில் அங்கே டாஃப்னி ஹெண்டர்சன் என்ற பெண்மணி உருவாக்கிய ‘பெயின்கில்லர்’ என்ற பானம் இப்போது கரீபியம் எங்கும் கிடைக்கிறது. அடர்நிற ரம், அன்னாசிச் சாறு, ஆரஞ்சுச் சாறு, இனிப்புத் தேங்காய்ப்பால் நான்கையும் கலந்து, மேலே சாதிக்காயைத் துருவிப் போடுகிறார்கள். என் மனைவிக்கும் எனக்கும் ரம் இல்லாமல் கலந்து தரச் சொன்னோம். கடைக்காரப் பெண் முகம் சுளிக்காமல், துருவியை எடுத்து இன்னும் கொஞ்சம் தாராளமாகவே சாதிக்காயைத் தூவினார். ஈரமான தேங்காய்ப்பால் நுரையின்மேல் விழுந்த அந்தத் தூள் உடனே கரையாமல் பழுப்புப் புள்ளிகளாக நின்றது. முதல் மிடறு முழுவதும் அதன் மணம்தான்.

இரவு படகு ஆடிய ஆட்டத்தில் யாருக்கும் சரியான உறக்கம் இல்லை. வட அட்லாண்டிக்கில் எங்கோ எழுந்த புயலின் அலை தீவைச் சுற்றி வந்து இந்த விரிகுடாவுக்குள் பக்கவாட்டில் நுழைகிறது என்றும், குளிர்காலத்தில் இது வழக்கம் என்றும், உள்ளூர்க்காரர்கள் இதைக் ‘கிரவுண்ட் சீ’ என்பார்கள் என்றும் கேப்டன் சொன்னார்.

பிப்ரவரி 22, வியாழன் – கிரேட் ஹார்பர்

காலையிலேயே பக்கத்தில் இருக்கும் கிரேட் ஹார்பருக்கு நகர்ந்துவிட்டோம். மூன்று பக்கமும் மலை சூழ்ந்து தெற்கே திறந்த துறை. ஆட்டம் பாதிக்கும் மேல் குறைந்தது. கடற்கரை மணலையே தெருவாகக் கொண்ட ஊர். சுங்க அலுவலகம், மெதடிஸ்ட் தேவாலயம், சில உணவகங்கள், கிழக்குக் கோடியில் ஃபாக்சியின் டேமரிண்ட் பார்.

அது பெரிய கட்டடம் அல்ல. கால்களுக்குக் கீழே மணல். பக்கச் சுவர்கள் இல்லை. கூரையின் அடிப்புறம் முழுவதும் உலகெங்கிலுமிருந்து வந்த படகுக்காரர்கள் விட்டுச்சென்ற கொடிகளும் சட்டைகளும் முகவரி அட்டைகளும் தொங்குகின்றன. அவற்றில் சில வெயிலிலும் உப்புக்காற்றிலும் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விட்டன. 1968இல் தேவாலயத்தின் அறுவடைத் திருவிழாவுக்காக ஒரு நாள் பானம் விற்பதற்குப் போட்ட சிறு பந்தல்தான் இதன் தொடக்கம். திருவிழா முடிந்தும் பந்தல் நின்றது. அந்நாளில் இந்தத் தீவுக்கு மின்சாரம் இல்லை. 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. பகலில் மீன்பிடித்து, மாலையில் வெறுங்காலுடன் கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த இளைஞர் ஒருவர், கடலிலிருந்து ஏறி வருகிற அந்நியரிடம் பெயரையும் ஊரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரைப் பற்றியே அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதையே அவர் செய்துவந்திருக்கிறார்.

கரீபியத் தீவுகளின் பாட்டு வகையான கலிப்சோவில் இப்படி நின்ற இடத்தில் பாடல் கட்டுவது பழைய மரபு. டிரினிடாடில் இதற்கென்று போட்டிகளே உண்டு. நாம் ஆசுகவி என்று போற்றும் ஆற்றல் இது. ஆனால் போட்டி மேடையில் பாடுகிறவர் எதிராளியை வெல்லப் பாடுகிறார்; ஃபாக்சியோ முன்பின் தெரியாத ஒருவரை நடுவில் உட்காரவைத்து, அவரைச் சிரிக்கவைத்து, அடுத்த மேசைக்காரருக்கு அறிமுகம் செய்துவைப்பதற்காகப் பாடினார். இவ்வளவு எளிமையாக ஒரு கலையை விருந்தோம்பலுக்குக் கொடுத்துவிட்ட கலைஞர்கள் மிகச் சிலரே என்பது என் எண்ணம். பிரித்தானிய அரசின் எம்.பி.இ. விருது அவருக்குக் கிடைத்ததைக் கேப்டன் தம் சொந்த வீட்டுச் செய்தியைப் போலச் சொன்னார்.

நாங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கே போய் உட்கார்ந்தோம். ஃபாக்சி அன்று பாட வரவில்லை. எண்பது வயதைக் கடந்தவர் மனம்போல வருவார், மனம்போல ஓய்வெடுப்பார், அதற்கு நேர அட்டவணை இல்லை என்று பரிமாறிய இளைஞர் பணிவாகச் சொன்னார். தம்பியின் முகம் வாடியதை நான் மறைத்து எழுத விரும்பவில்லை, எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அந்த இளைஞர் எங்கள் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், சென்னை கடலோரத்தில்தானே இருக்கிறது, அங்கே என்ன மீன் அதிகம் என்று கேட்டார். வஞ்சிரம், வௌவால் என்று தம்பி கைப்பேசியில் படம் காட்ட, அவர் வஞ்சிரத்தைப் பார்த்து இது எங்கள் கிங்ஃபிஷ்தான் என்று மகிழ்ந்து, சமையலறையிலிருந்த இன்னொருவரையும் அழைத்துக் காட்டினார்.

பக்கத்து மேசையில் கனடாவின் கடலோரப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். முதன்முதலாக அவர்கள் வந்த மாலையில் அவர்களுடைய ஊர், படகின் பெயர், அம்மையார் அணிந்திருந்த தொப்பி மூன்றையும் சேர்த்து ஃபாக்சி பாடிவிட்டாராம். மறு ஆண்டு வந்தபோது தொப்பியைப் பற்றி விசாரித்தாராம். அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் வருவதாகவும், முதலில் மணற்கரைக்காக வந்தவர்கள் இப்போது மனிதர்களுக்காக வருவதாகவும் அந்த ஆசிரியர் சொன்னார்.

இந்தத் தீவின் பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேப்டன் அன்று மாலை சற்று நீளமாகப் பேசினார். 1834இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு தோட்ட முதலாளிகள் வெளியேற, எஞ்சிய மக்கள் ஆடுமாடு வளர்த்தும் கரி சுட்டும் மீன்பிடித்தும் பிழைத்தார்கள். அவற்றைப் பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸின் சந்தைக்குக் கொண்டுபோக ஊரிலேயே மரத்தால் ஒற்றைப் பாய்மரப் படகுகளைக் கட்டிக்கொண்டார்கள். கப்பல்தளமோ வரைபடமோ இல்லை. காட்டில் இயல்பாகவே வளைந்து வளர்ந்த ‘ஒயிட் சீடர்’ என்ற மரத்தின் கிளைகளைத் தேடி வெட்டி, படகின் விலாச்சட்டங்களாக வைத்தார்கள். கேப்டனின் தந்தையார் அப்படிப்பட்ட படகில் வேலை செய்தவர். இயந்திரப் படகுகள் வந்ததும் அந்தத் தொழில் ஏறத்தாழ அழிந்துபோயிற்று. ஃபாக்சி 1974இல் மரப்படகுப் பந்தயம் ஒன்றைத் தொடங்கி, பழைய படகுகள் மீண்டும் பாய்விரிக்க ஒரு காரணத்தை உண்டாக்கினார். பின்னர் அவரும் அவருடைய ஆஸ்திரேலிய மனைவி டெஸ்ஸாவும் முன்னின்று அமைத்த ஜோஸ்ட் வான் டைக் பாதுகாப்புச் சங்கம், ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டே ‘எண்டவர் II’ என்ற 32 அடி மரப்படகைக் கட்டியது. பாட்டினால் வந்த பெயரையும் பணத்தையும் தீவின் கைத்தொழிலுக்குத் திருப்பிக் கொடுத்த இந்தச் செயல், அவருடைய பாடல்களுக்கு இணையாகப் பேசப்பட வேண்டியது.

இரவில் டிங்கி என்ற சிறு துணைப்படகில் எங்கள் படகுக்குத் திரும்பும்போது நடுத்துறையில் இயந்திரம் நின்றுபோனது. துடுப்பு இரண்டில் ஒன்று உடைந்திருந்தது. காற்று எங்களைத் துறைக்கு வெளியே தள்ளத் தொடங்க, தம்பி கைவிளக்கை ஆட்டினான். ஐந்தே நிமிடத்தில் பக்கத்துப் படகிலிருந்து அறிமுகமே இல்லாத இளம் தம்பதியர் தங்கள் டிங்கியில் வந்து, கயிறு வீசிக் கட்டி, எங்கள் படகு வரை இழுத்துவந்து விட்டார்கள். நன்றி சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 23, வெள்ளி – பப்ளி பூல், மீண்டும் கிரேட் ஹார்பர்

பக்கங்கள் திறந்த வாடகை வண்டியில் மலை ஏறி இறங்கித் தீவின் கிழக்குக் கோடிக்குப் போனோம். எதிரே தெரிகிற சிறிய ஜோஸ்ட் வான் டைக் தீவில்தான், இலண்டன் மருத்துவச் சங்கத்தை 1773இல் நிறுவிய ஜான் கோக்லி லெட்சம் 1744இல் பிறந்தார். தந்தை வழியாகத் தமக்கு வந்த அடிமைகளை விடுவித்த அவர், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கரையோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் பப்ளி பூல் வருகிறது. பாறைச் சந்து வழியே வட அலை பாய்ந்து வந்து, இடுப்பளவு ஆழமுள்ள குளம் முழுவதையும் வெண்நுரையாக்கிவிட்டு வடிகிறது. முந்தின இரவுகளில் எங்களை உறங்கவிடாத அதே அலை இங்கே குழந்தைகளைக் கூத்தாடவைத்தது.

வழியெங்கும் கூரையில்லாத சில சுவர்களைப் பார்த்தோம். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் மணிக்கு ஏறத்தாழ 285 கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் தீவுகளைத் தாக்கியது. வண்டி ஓட்டியவர் அந்த நாளைப் பற்றி அதிகம் பேசவில்லை; தங்கள் வீட்டுக் கூரையைத் திரும்பப் போட உதவியவர்களில் முன்பு படகில் வந்துபோன வெளிநாட்டு விருந்தினர்களும் உண்டு என்று மட்டும் சொன்னார். துறையில் உண்டான நட்பு துயர நாளில் திரும்பிவந்து கை கொடுத்திருக்கிறது.

இரவு ஃபாக்சியின் இடத்தில் சுட்ட இறைச்சி விருந்து. வெள்ளியும் சனியும் நடக்கும் இந்த விருந்துக்கு எங்கள் நால்வருக்கும் சேர்த்து 200 டாலரை நெருங்கியது. கோழியும் மீனும் சாப்பிடாத என் மனைவிக்குப் பயறு கலந்த சோறும், பொரித்த வாழைப்பழமும், கோஸ் கலவையும் தட்டு நிறைய வைத்தார்கள். மேசையில் இருந்த மஞ்சள் நிற மிளகாய்க் குழம்பு கடுகும் ஸ்காட்ச் பானட் மிளகாயும் சேர்ந்தது. ஆந்திர ஊறுகாய்க்குப் பழகிய என் நாக்குக்கே ஒரு சொட்டுப் போதுமானதாக இருந்தது. இசைக்குழு வாசிக்க, பரிமாறுகிறவர்களும் விருந்தினரும் ஊர்ப் பெரியவர்களும் ஒரே மணலில் ஆடினார்கள். பழைய ஆண்டு இரவு என்று இவர்கள் அழைக்கிற டிசம்பர் 31 அன்று, முந்நூறு பேர்கூட இல்லாத இந்தத் தீவுக்கு ஆயிரக்கணக்கானோர் படகுகளில் வந்து குவிவார்களாம்.

பிப்ரவரி 24, சனி – சோப்பர்ஸ் ஹோல்

டோர்டோலாவின் வடகரையில் உள்ள கேன் கார்டன் விரிகுடாவுக்குப் போக நினைத்திருந்தோம். வடஅலை இன்னும் அடங்காததால் அங்கே படகு கட்டுவது நல்லதல்ல என்று கேப்டன் மறுத்துவிட்டார். காற்றை எதிர்த்துச் சோப்பர்ஸ் ஹோல் வந்தோம். வழியில் குப்பை மூட்டைகளைக் கொடுத்தோம். மூட்டை ஒன்றுக்கு 4 டாலர். சிறு தீவில் குப்பையை அப்புறப்படுத்துவதும் செலவுதான், அதை விருந்தினர் ஏற்பது நியாயம்.

மாலையில் சிறிய உணவகம் ஒன்றில் ‘ஃபங்கி’ இசை கேட்டோம். கிட்டாரும் யுகுலேலியும் போக, துணி துவைக்கும் தகரப் பலகையைக் கரண்டியால் உரசித் தாளம் எழுப்பினார் ஒருவர். கவிழ்த்த தொட்டியில் கழியை நிறுத்தி ஒற்றைக் கயிற்றைக் கட்டி, கழியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கனத்த சுரங்களை எழுப்பினார் இன்னொருவர். சோளமாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டிய களியையும் இதே பெயரில் உண்கிறார்கள். அதை மீன் குழம்போடு பரிமாறினார்கள். மனைவிக்குக் கீரைக் குழம்போடு. கேப்டன் முதன்முறையாக எங்களோடு உட்கார்ந்து பாடினார். நன்றாகவே பாடினார்.

பிப்ரவரி 25, ஞாயிறு – ரோடு டவுன்

காலையில் படகை ஒப்படைத்தோம். காலியாக இருந்த நன்னீர்த் தொட்டி, உடைந்த துடுப்பு, நின்றுபோன டிங்கி இயந்திரம் மூன்றையும் எழுதிக் கொடுத்ததில் ஒரு நாள் வாடகையில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். பெட்டிகள் விடுதியில் காத்திருந்தன.

ஃபாக்சியைக் கேட்க விரும்பிப் போகிறவர்கள் ஒரு பிற்பகலை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். கிரேட் ஹார்பரில் குறைந்தது மூன்று இரவுகளாவது தங்குங்கள். அவர் வராவிட்டாலும் தீவு உங்களோடு பேசும். நண்பகலுக்குள் போய்விட்டால் மிதவை எளிதாகக் கிடைக்கும். டிங்கியில் இரண்டு துடுப்புகளும் நன்றாக இருக்கின்றனவா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி அடுத்த குளிர்காலத்துக்கு இதே கேப்டனிடம் தேதி கேட்டு முன்பணமும் கொடுத்துவிட்டான்.